முப்பது அடிக் கோடும் ஓக் மரங்களும்

கலிஃபோர்னியாவில் 2014-ல் நிலத்தடி நீருக்கென்று ஒரு சட்டம் வந்தது. சுருக்கமாக 'சிக்மா' என்பார்கள். அதற்கு முன்னால் போர் போட்டு இறைப்பதற்கு மாநிலம் முழுமைக்குமான கட்டுப்பாடு என்று பெரிதாக எதுவும் இல்லை. முன்னுரிமைப் பட்டியலில் உள்ள படுகைகளுக்கு உள்ளூர் முகமைகள் அமைந்து, சுமார் 20 வருஷத்தில் நிலைமையைச் சீராக்கும் திட்டத்தை எழுதணும். அந்தத் திட்டத்தில், நிலத்தடி நீரை நம்பி வாழும் மரக்கூட்டங்கள், ஈரநிலங்கள், ஊற்றுகள் எங்கெங்கே இருக்கின்றன என்று அடையாளம் காட்டவும் வேணும். மரத்துக்கும் தண்ணீர்க் கணக்கில் ஓர் இடம் கொடுத்தது பெரிய விஷயம்தான். ஆனால் அந்த இடத்தை வரைபடத்தில் குறித்த விதத்தில் ஒரு கோளாறு இருக்கிறது. இந்தக் குறிப்பு அதைப் பற்றியது.

முதலில் நல்லதைச் சொல்லிடறேன். மாநிலத்தின் நீர்வளத் துறையும், மீன் மற்றும் வனவிலங்குத் துறையும், 'தி நேச்சர் கன்சர்வன்சி' அமைப்பும் சேர்ந்து ஏற்கெனவே இருந்த 48 பொதுத் தரவுத் தொகுப்புகளை ஒன்றாக்கி, ஒரு ஜிஐஎஸ் அடுக்கு தயாரித்தார்கள். அதில் தாவரங்களுக்கு ஒரு பகுதி, ஈரநிலங்களுக்கு ஒரு பகுதி. காசு கொடுக்காமல் யார் வேணும்னாலும் இறக்கிப் பார்க்கலாம். 'இவை நிலத்தடி நீரோடு பொதுவாகத் தொடர்புடையவை. இது ஒரு தொடக்கப் புள்ளி, நீங்கள் சரிபாருங்கள்' என்பதுதான் அதன் நிலைப்பாடு. நேர்மையான வேலை.

சிக்கல் அந்தச் 'சரிபாருங்கள்' என்பதில்தான். நிலப்பரப்புக்கு 'அருகே' உள்ள நிலத்தடி நீரை நம்பும் உயிர்ச்சமூகங்கள் என்றுதான் விதி சொல்கிறது. அருகே என்றால் எத்தனை அடி? எண் இல்லை. அந்த வெற்றிடத்தில் 30 அடி வந்து உட்கார்ந்துகொண்டது. அதாவது சுமார் 9 மீட்டர். கன்சர்வன்சி தந்த வழிகாட்டுதலில் இந்த எண்ணின் வேலை வேறு. நீர்மட்டம் 30 அடிக்குள் இருந்தால், அங்குள்ள தாவரம் நிலத்தடி நீரை நம்புவதாக எடுத்துக்கொள்ளலாம். அதற்குக் கீழே போனால் மேலும் விசாரிக்க வேண்டும். சில திட்டங்களில் இரண்டாம் பாதி காணாமல் போய்விட்டது. 30 அடிக்குக் கீழா? அழி. உள்ளே சேர்ப்பதற்காக வந்த எண், வெளியே தள்ளுவதற்குப் பயன்பட்டது.

இதில் மூன்று தவறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன.

ஒன்று, வேர். அந்தப் பள்ளத்தாக்குகளின் அடையாளமான வேலி ஓக் மரத்தின் வேர் 80 அடி வரை, அதாவது 24 மீட்டர் வரை இறங்கும் என்று பதிவு இருக்கிறது. அதற்கு 30 அடி விதியைப் போட்டால் என்ன அர்த்தம்?

இரண்டு, தேதி. 2012 முதல் 2016 வரை அங்கே கடும் வறட்சி. அதன் நடுவில் 2015-ல் எடுத்த ஒரே அளவை வைத்து 'தண்ணீர் ஆழத்தில் இருக்கிறது, ஆகவே மரம் அதை நம்பவில்லை' என்று முடிவு கட்டினால், இறைத்து இறக்கிய மட்டத்தையே இயற்கை மட்டம் என்று ஏற்றுக்கொள்கிறோம். போதாததற்கு, 2015 ஜனவரி 1-க்கு முன் நடந்த சேதத்தைச் சரிசெய்யும் கட்டாயம் திட்டங்களுக்கு இல்லை என்று சட்டமே சொல்லிவிட்டது.

மூன்று, கிணறு. அளவெடுக்கும் கிணறுகள் பெரும்பாலும் வயல்வெளியில், ஆழமான நீர்த்தாங்கியில் இருப்பவை. மரம் குடிப்பது ஆற்றங்கரையின் மேலடுக்கு நீரை. ஆழக் கிணற்றின் மட்டம் மேலடுக்கைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போகலாம். அதுமட்டுமில்லை, கிணறுகளில் அளந்த ஆழத்தை அப்படியே இடைக்கணிப்பு செய்து பரப்பினால், மேட்டுக் கிணற்றின் ஆழம் தாழ்வான ஆற்றங்கரைக்கும் வந்துவிடும். கடல்மட்டத்திலிருந்து நீர்மட்டம் எவ்வளவு உயரம் என்பதை இடைக்கணித்து, அதைத் தரை உயர மாதிரியிலிருந்து கழிப்பதுதான் முறை. மென்பொருள் இரண்டுக்கும் ஒரே மாதிரி அழகான படம்தான் தரும். பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

பக்கத்து வயலில் பாசனம் நடக்கிறது, மரம் அந்தக் கசிவைக் குடிக்கிறது என்று சொல்லி நீக்குவதும் உண்டு. பாசனக் கசிவையும் நிலத்தடி நீரையும் ஒரே மரம் குடிக்கலாமே! ஒன்று இருந்தால் இன்னொன்று இல்லை என்று எப்படிச் சொல்வது?

ஒரு பலகோணத்தை அழிப்பது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் வரைபடத்தில் இல்லாததற்குக் கண்காணிப்புக் கிணறு கிடையாது. இதற்குக் கீழே மட்டம் போகக் கூடாது என்று வரம்பு வைக்கும்போதும் அது கணக்கில் வராது. அது காய்ந்தால், காய்ந்தது என்று எழுதவும் ஆவணத்தில் இடம் இருக்காது. கொசும்னஸ் ஆற்றைப் பாருங்கள். சியேரா மலையிலிருந்து இறங்கும் அந்த ஆற்றின் குறுக்கே பெரிய அணை இல்லை. இருந்தும் அதன் கீழ்ப்பகுதி இலையுதிர் காலத்தில் வறண்டு கிடக்கிறது, சால்மன் மீன் ஏறிவரும் நேரத்தில். சுற்றிலும் இறைத்து நீர்மட்டம் ஆற்றுப் படுகையை விட்டுக் கீழே போனது இதற்கு முக்கியக் காரணம். ஆறு நிலத்தடி நீரோடு தொடர்பு அறுந்துவிட்டது என்பதால், இனி அதைப் பார்க்க வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

முகமைகளின் பக்கமும் நியாயம் உண்டு. காலக்கெடு குறுகியது, ஆழம் குறைந்த கிணறுகள் குறைவு, ஒவ்வொரு தோப்புக்கும் போய்ப் பார்க்க ஆள் இல்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தரவு இல்லாதபோது சந்தேகத்தின் பலனை யாருக்குக் கொடுப்பது என்பது ஜிஐஎஸ் கேள்வி அல்ல, கொள்கைக் கேள்வி. அதை ஒரு வடிகட்டிக் கட்டளைக்குள் ஒளித்து வைத்ததுதான் என் புகார்.

செய்யக்கூடியது கஷ்டமானதும் இல்லை. உண்டு, இல்லை என்ற இரண்டு நிறங்களோடு 'தெரியவில்லை' என்று மூன்றாவது நிறம் ஒன்று வேண்டும். அந்த நிறத்தில் உள்ளவை வரைபடத்திலேயே இருக்கட்டும். லேண்ட்சாட் படங்களை வைத்து 1985 முதல் தாவரப் பசுமை எப்படி மாறியது என்று காட்டும் 'ஜிடிஇ பல்ஸ்' கருவி இலவசமாகவே இருக்கிறது. மழையில்லா மாதங்களிலும் ஒரு தோப்பு பசுமையாக நின்றால், அது எங்கிருந்தோ குடிக்கிறது என்றுதானே பொருள்? அங்கே ஆழம் குறைந்த கண்காணிப்புக் குழாய் ஒன்றை இறக்குங்கள், சில வருஷ ஏற்ற இறக்கத்தைப் பாருங்கள், அப்புறம் முடிவெடுங்கள்.

அதுவரை, நீக்கிய ஒவ்வொரு பலகோணத்துக்கும் பக்கத்தில் எந்தத் தேதி, எந்தக் கிணறு, எந்த விதி என்று மூன்று கட்டங்களையாவது நிரப்பச் சொல்லலாம். அந்தக் கட்டங்கள் காலியாக இருக்கும் வரைபடத்தை நான் ஆதாரமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.