பெட்டிப் பலகையின் பேரெழில்

காட்டாங்குளத்தூரைச் சுற்றி மறைமலை நகர், மகேந்திரா சிட்டி, ஒரகடம் என எத்தனையோ தொழிற்சாலைகள். கடல் கடந்து அங்கே வரும் இயந்திரங்களையும் உதிரி பாகங்களையும் சுமந்துவருபவை பைன் மரப் பெட்டிகளும் பேலட்டுகளும். சரக்கு இறங்கியதும் பெட்டியின் வேலை முடிந்தது; பிறகு எடைக்குப் போகும், இல்லையேல் அடுப்புக்கு. அந்தப் பலகைகளைக் கொண்டு, ஓர் இன்டீரியர் டிசைனர் கேட்ட அளவில் ஆசாரி இழைத்துத் தந்த மேசையை நிதானமாகப் பார்ப்போம், வாருங்கள்.

முதலில் ரேகை. குளிர்நாட்டு மரம் இது. வசந்தத்தில் விரைந்து வளர்ந்த பகுதி வெளிர் தேன் நிறத்தில் அகன்று கிடக்கிறது. கோடை முடிவில் மெல்ல வளர்ந்தது செம்பழுப்புக் கோடாக ஒடுங்கியிருக்கிறது. ஒரு கோடு, ஓர் ஆண்டு. கிளை முளைத்த இடம் கருங்கணுவாக நிற்க, ரேகைகள் அதை இடிக்காமல் இருபுறமும் வளைந்து நழுவி, அப்பால் மீண்டும் சேர்ந்துகொள்கின்றன. என்ன ஒரு நளினம்! எந்த மைக்கா அச்சுக்கும் இது வராது.

அடுத்து ஆணித்துளைகள். இரும்பும் ஈரமும் சேர்ந்து ஒவ்வொரு துளையைச் சுற்றியும் கருநீல நிழலொன்றைப் படரவிட்டிருக்கின்றன. மரத்தூளும் பசையும் குழைத்து மூடிவிடுவது எளிது. தேர்ந்த ஆசாரி அப்படிச் செய்வதில்லை. தெளிந்த ரெசினை விட்டு நிரப்பி, நிழலை நிழலாகவே காக்கிறார்.

இப்போது மேசையின் ஓரத்துக்கு வாருங்கள், வெட்டுமுகத்தைப் பாருங்கள். குறுகலான பலகைகள் பக்கம் பக்கமாக ஒட்டப்பட்டிருக்கின்றன. ஒன்றில் ரேகை கவிழ்ந்த பிறை, அடுத்ததில் நிமிர்ந்த பிறை, மறுபடி கவிழ்ந்தது. அழகுக்காக மட்டுமல்ல இந்த வரிசை. நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் பலகை வளையும். மாற்றி மாற்றி வைத்தால் ஒன்றின் வளைவை மற்றொன்று அடக்கும், மேற்பரப்பு சமமாக நிற்கும். அறிவும் எழிலும் ஒரே கோட்டில் கைகோத்த இடம் இது. எனக்கு இம்மேசையில் மிகப் பிடித்த இடமும் இதுதான்.

ஒரு லோடு போல மறு லோடு வராது. அதனால் பலகைகளைக் கண்ணால் கண்ட பிறகே வரைபடத்தை முடிக்கும் டிசைனர்கள் உண்டு. வெளிறியதையும் சிவந்ததையும் தரையில் பரப்பி, இடம் மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். அந்தப் பொறுமைக்கு என் வணக்கம்.

இனிக் குனிந்து அடிப்புறம் பாருங்கள். ஒரு பலகையை மட்டும் இழைக்காமல் விட்டிருக்கிறார்கள். அதில் கதிர்ச் சின்னத்தோடு ஒரு சுட்ட முத்திரை. நாட்டின் குறியெழுத்து இரண்டு, பக்கத்தில் 'எச்.டி.'. பூச்சி எல்லை தாண்டாதிருக்க, மரத்தின் உள்நடு வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றியதற்கான உலகளாவிய அடையாளம் அது. 'எம்.பி.' என்றிருந்தால் மெத்தில் புரோமைடு நச்சுப்புகை இட்டது. வீட்டு மேசைக்கு அது வேண்டாம். 'எச்.டி.' பலகையையே கேட்டு வாங்குங்கள். வாங்கியபின் அந்த முத்திரையைச் சுரண்டி எடுக்க மட்டும் சொல்லிவிடாதீர்கள்.