மேடையேறும் வரிசை

கோலாலம்பூர் டான்ஸ்ரீ சோமா அரங்கத்தில் நடக்கும் நூல் வெளியீடுகளில் எனக்குப் பிடித்த கட்டம், உரைகள் முடிந்த பிறகுதான் வரும். முதல் நூலைப் பிரமுகர் ஒருவர் பெற்றுக்கொள்வார். பிறகு வரிசை நகரும். ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள், கிள்ளானிலிருந்து குடும்பத்தோடு வந்தவர்கள், ஆளுக்கோர் உறையுடன் மேடையேறுவார்கள். நூலின் விலை 20 ரிங்கிட் என்றால் உறையில் 50 இருக்கும். கல்யாண மொய் மாதிரிதான். ஆனால் கணக்கை யாரும் ஒலிபெருக்கியில் வாசிப்பதில்லை.

இங்கே பல எழுத்தாளர்களுக்கு அவர்களேதான் பதிப்பாளர். அச்சகத்துக்குக் கொடுத்த பணம் திரும்புவது அந்த ஒரு மாலையில்தான்.

அரங்கம் இருக்கும் விஸ்மா துன் சம்பந்தன், தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் கட்டடம். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டதில் தவித்த தொழிலாளர்களைத் திரட்டி, அவர்களின் சிறுசேமிப்பைக் கொண்டு 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய சங்கம் அது. தமிழ் நூலுக்கு இதைவிடப் பொருத்தமான கூரை எனக்குத் தெரியவில்லை.

மிஞ்சிய பிரதிகள் காரின் பின்பெட்டியில் ஏறும். அடுத்த வாரம் பிரிக்பீல்ட்ஸ், அப்புறம் கிள்ளான். கையெழுத்துப் போடும்போது எழுத்தாளர், வாங்குபவரின் பெயரைக் கேட்டு எழுதுகிறார்; அடுத்த நிகழ்ச்சியில் அதே முகத்தைக் கண்டதும், “படிச்சீங்களாண்ணே?” என்று உரிமையோடு கேட்கிறார்.