மலை மேலே போனால் ஒலி மாறுமா?

படிவம் ஐந்து மாணவர் ஒருவர் கட்டுரையில் இப்படி எழுதியிருந்தார்: ‘மலை உச்சியில் காற்று மெலிந்திருப்பதால் அங்குள்ளவர்கள் வெடிப்பொலிகளோடு பேசுகிறார்கள். இது நிரூபிக்கப்பட்ட உண்மை.’ எங்கே படிச்சே என்று கேட்டால், காணொளியில் பார்த்தாராம்.

அந்தக் கருத்தின் மூலம், கேலப் எவரெட் 2013-இல் ‘பிளோஸ் ஒன்’ ஆய்விதழில் எழுதிய கட்டுரை. மூச்சை அடக்கி, தொண்டையை இறுக்கிக்கொண்டு ‘க்’ என்று சொல்லிப் பாருங்கள். வாய்க்குள் அடைபட்ட காற்று டக்கென்று வெடிக்கும். இந்த வகை ஒலி, அவர் எடுத்துக்கொண்ட 567 மொழிகளில் 92-இல் இருக்கிறது. அவை பெரும்பாலும் உயர்நிலப் பகுதிகளில் அல்லது அவற்றின் அருகில் பேசப்படுகின்றன. உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, அதனால் வாய்க்குள் காற்றை அழுத்துவது எளிது என்பது அவர் தரும் விளக்கம்.

திணை நடத்துகிற நமக்கு இது சட்டென்று பிடித்துவிடும். ஆனால் திணை செய்யுள் மரபு. அதை ஒலியியலுக்குச் சான்றாக இழுக்கக்கூடாது.

எவரெட் கவனமாகத்தான் எழுதுகிறார். திபெத் பீடபூமியில் இவ்வொலி இல்லை என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார். எனக்கு இடிக்கிற இடம் வேறு. பெருவின் ஆண்டிஸ் மலையில் கெச்சுவா மொழியைப் பாருங்கள். ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்திலுள்ள குஸ்கோ பகுதிக் கெச்சுவாவில் இவ்வொலிகள் உண்டு. ஏறத்தாழ 2,750 மீட்டரிலுள்ள அயாகுச்சோ கெச்சுவாவில் இல்லை. அதுவும் மலைதானே! குஸ்கோ வழக்குக்கு இவை பக்கத்து ஐமாரா மொழியோடு பழகியதால் வந்தவை என்று மொழியியலாளர் பலர் கருதுகிறார்கள். மெக்சிகோவின் யுகாத்தான் தட்டை நிலம், கடல் மட்டத்தை ஒட்டியது. அங்கே பேசப்படும் மாயா மொழியிலும் இவ்வொலிகள் உண்டு. தன் மொழிக்குடும்பத்திலிருந்து அது பெற்ற பரம்பரைச் சொத்து.

ஓரிரு விலக்குகளால் ஒரு போக்கு பொய்யாகிவிடாது, சரி. ஆனால் மூதாதை மொழியும் அண்டை மொழியும் இவ்வளவு விளக்கும்போது, காற்றழுத்தத்துக்கு மிஞ்சுவது எவ்வளவு? வரைபடத்தில் இரண்டு புள்ளிக்கூட்டம் ஒன்றன்மேல் ஒன்று விழுவதை வைத்து அதைச் சொல்ல முடியாது. நிலம் மொழியைத் தொடுவதை, யாரை யாரோடு பேச விடுகிறது, யாரைப் பிரித்து வைக்கிறது என்பதில்தான் நான் அதிகம் காண்கிறேன்.

மாணவருக்கு மதிப்பெண் குறைக்கவில்லை. ‘நிரூபிக்கப்பட்ட உண்மை’ என்பதை அடித்து, ‘தொடர்பு இருப்பதாக ஓர் ஆய்வு கூறுகிறது’ என்று ஓரத்தில் எழுதினேன். கீழே ஒரு கேள்வி: அப்படியானால் அயாகுச்சோவில் ஏன் இல்லை?