இருட்டறைக்கு எத்தனை லூமன்?

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் வீதியில் ஆரையம்பதியைத் தாண்டினால், கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம், களுதாவளை என்று ஊருக்கு ஊர் மாடி வீடுகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் சிலவற்றின் வரைபடத்தில் படம் பார்க்கவென்றே ஓர் அறை இடம்பிடிக்கத் தொடங்கிவிட்டது. பெரும்பாலும் மேல்மாடியில், பன்னிரண்டுக்குப் பதினாலு அடி. யன்னல் ஒன்று, அதற்கும் தடித்த திரைச்சீலை. காசு சுவிசிலிருந்தோ லண்டனிலிருந்தோ வருகிறது. புரொஜெக்டரைத் தேடுகிற வேலை ஊரில் இருப்பவர் தலையில் விழுகிறது. அவர் கடைக்காரரிடம் கேட்கும் முதற்கேள்வி, பல வேளைகளில் ஒரே கேள்வி: "எத்தனை லூமன்?"

இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்தில் புரொஜெக்டர் பழக்கமானது பள்ளிக்கூடத்து 'மல்டிமீடியா'வாக. பிறகு கோயில் திருவிழாவில், விளையாட்டுக் கழக மைதானத்தில், உலகக் கிண்ணக் கிரிக்கெட் நாட்களில். யன்னல் திறந்த வகுப்பறை, லைட் எரியும் மண்டபம், தெரு விளக்கு வந்து விழும் மைதானம். அங்கெல்லாம் வெளிச்சத்தோடு வெளிச்சம் மல்லுக்கட்ட வேண்டும். லூமன், அதாவது புரொஜெக்டர் எறியும் வெளிச்சத்தின் அளவு, கூடினால்தான் படம் தெரியும். அந்த இடங்களுக்கு அது சரியான அளவுகோல். அதையே இருட்டறைக்குள்ளும் தூக்கிக்கொண்டு போவதில்தான் கோளாறு.

கணக்கைப் பார்ப்போம். டிஜிட்டல் திரையரங்குகளுக்காக ஹொலிவூட் ஸ்டூடியோக்கள் 2005இல் வகுத்த தரப்படி, திரையில் வெள்ளை ஒரு சதுர மீற்றருக்கு 48 கண்டெலா ஒளிர்ந்தால் போதும். வீட்டில் நூறு அங்குலத் திரை என்பது 2.75 சதுர மீற்றர் அளவு. சாதாரண வெள்ளைத் திரையில் அந்த ஒளிர்வைக் கொண்டுவர ஏறக்குறைய 420 லூமன் தேவை. 120 அங்குலத்துக்கு 600. விளக்கு பழசாகும், நிறம் சரியாக இருக்கும் சினிமா மோடில் வெளிச்சம் இன்னும் குறையும், எச்டிஆர் படங்கள் கொஞ்சம் கூடவே கேட்கும். இதற்கெல்லாம் இரண்டு மடங்கு, இரண்டரை மடங்கு ஒதுக்கினாலும், உண்மையான 1000, 1500 லூமன் இருட்டறைக்குத் தாராளம். 3500, 4000 என்று தேடுவது, தேவையில்லாததைத் தேடுவது மட்டுமல்ல, கெடுதலைக் காசு கொடுத்து வாங்குவதும்கூட.

ஏனென்றால் புரொஜெக்டரால் கறுப்பை எறிய முடியாது. திரையில் கறுப்பென்று நாம் காண்பது வெளிச்சம் விழாத இடத்தை. எந்தப் புரொஜெக்டரும் வெளிச்சத்தை முற்றாக அடைத்து வைப்பதில்லை, கொஞ்சம் கசியும். வெள்ளைக்கும் அந்தக் கசிவுக்கும் உள்ள விகிதமே கொன்ட்ராஸ்ட். ஆயிரத்துக்கு ஒன்று என்றால், 500 லூமன் வெள்ளை எறியும்போது அரை லூமன் கசிகிறது. அதே விகிதத்தில் 3000 லூமன் எறிந்தால் கசிவு மூன்று லூமன். வெள்ளை ஆறு மடங்கு கூடியபோது கறுப்பும் ஆறு மடங்கு வெளுத்துவிட்டது. பகல் காட்சியில் இது கண்ணில் படாது. இராத்திரிக் காட்சி வந்ததும் முழுத் திரையிலும் சாம்பல் பூசினாற்போல் ஆகிவிடும்.

வாங்குமுன் இதைக் கடையிலேயே சோதிக்கலாம். அறை லைட்டை அணைத்து, கண் இருட்டுக்குப் பழகும்வரை சில நிமிடம் பொறுத்திருக்க வேண்டும். பிறகு மேலும் கீழும் கறுப்புப் பட்டி வருகிற அகலப் படம் ஒன்றை ஓடவிட்டு, லென்ஸுக்கு முன்னால் கையை நீட்டி அந்தப் பட்டியில் ஒரு பகுதியை மறைத்துப் பாருங்கள். பட்டிக்குள் விரல்களின் நிழல் தனியாகத் தெரிந்தால், அதுவரை கறுப்பென்று நினைத்தது சாம்பல். சில பெட்டிகளில் ஐந்து விரலையும் எண்ணலாம். நல்ல பெட்டியில் நிழலைத் தேட வேண்டியிருக்கும். எந்த விளம்பரத் தாளும் இந்த அளவுக்கு உண்மை பேசுவதில்லை.

விளம்பரத் தாளில் பத்து இலட்சத்துக்கு ஒன்று, இருபது இலட்சத்துக்கு ஒன்று என்றெல்லாம் இருக்கும். முழு வெள்ளையை ஒரு நேரத்திலும், விளக்கை மங்கவைத்தோ ஐரிஸை மூடியோ முழுக் கறுப்பை இன்னொரு நேரத்திலும் அளந்து எடுத்த எண் அது. ஒரே காட்சிக்குள் நிலவும் நிழலும் சேர்ந்து வரும்போது அது உதவாது. பார்க்க வேண்டியது இயல்பான கொன்ட்ராஸ்டை. சிறிய டிஎல்பி சில்லு போட்ட பெரும்பாலான வீட்டுப் பெட்டிகளில் அது ஆயிரம், இரண்டாயிரத்தைச் சுற்றியே நிற்கும். எப்சனின் மேல்தட்டு வீட்டு வகைகள் அதைவிட நல்ல கறுப்பைத் தருகின்றன. ஜேவிசியின் டி-ஐஎல்ஏ வகைகளில் நிறுவனம் சொல்வது நாற்பதாயிரத்துக்கு ஒன்றும் அதற்கு மேலும். அவற்றின் விலை பல ஆயிரம் டொலர். அந்தக் காசுக்கு எங்கள் ஊரில் அறையையே கட்டி முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நான் வாதாட மாட்டேன். இணையத்தில் மிக மலிவாக விற்கும், பெட்டியில் ஒன்பதாயிரம் லூமன் என்று அச்சடித்த குட்டி எல்ஈடி பெட்டிகளைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. அவற்றில் பலவற்றை முறையாக அளந்தால் சில நூறு லூமன்தான் தேறும். இப்படிப்பட்ட பொய் லூமனை எதிர்த்து எப்சன் அமெரிக்காவில் வழக்கே போட்டிருக்கிறது.

கறுப்புக்கு இவ்வளவு முக்கியத்துவம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு, பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் படங்களே பதில். ஒளிப்பதிவாளரும் இயக்குநருமான பாலு மகேந்திரா 1939இல் மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர். யன்னலால் வரும் வெளிச்சத்தை நம்பி முகத்தின் ஒரு பாதியை நிழலில் விடத் துணிந்தவர். 'மூடுபனி' (1980), ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது பெற்ற 'மூன்றாம் பிறை' (1982) இரண்டிலும் நிழல் பாதிக் கதையைச் சொல்கிறது. அந்த நிழலுக்குள்ளும் படிப்படியாகத் தெரிகிற விவரம் உண்டு: சுவரின் கரடு, சேலையின் மடிப்பு. கசியும் புரொஜெக்டர் அவற்றை எல்லாம் ஒரே சாம்பலாக்கிவிடுகிறது. அவர் பிறந்த வாவிக்கரையிலேயே அவர் படத்தை அப்படிப் பார்ப்பது எனக்குக் கொஞ்சம் உறுத்தலாகத்தான் இருக்கிறது.

இதுவரை சொன்னது பெட்டியின் குற்றம். அறையின் குற்றம் அதைவிடப் பெரியது, அதைப் பற்றித்தான் யாரும் கேட்பதில்லை. யன்னலை மூடி, கதவிடுக்கில் துணி அடைத்துவிட்டு இருட்டறை தயார் என்கிறார்கள். ஆனால் சுவர் பால் வெள்ளை, சீலிங் வெள்ளை, தரையில் முகம் பார்க்கக்கூடிய மாபிள். படம் தொடங்கியதும் திரையே அறையின் பெரிய விளக்காகிவிடுகிறது. அந்த வெளிச்சம் சீலிங்கிலும் சுவரிலும் பட்டுத் திரும்பி, திரையில் எங்கெல்லாம் கறுப்பு இருக்கிறதோ அங்கெல்லாம் வந்து விழுகிறது. பன்னிரண்டுக்குப் பதினாலு அடி அறைக்கு ஒரு பருமட்டான கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாதித் திரை வெள்ளை, பாதி கறுப்பு என்றால், வெளிர்நிறச் சுவர்களுக்குள் கொன்ட்ராஸ்ட் முப்பது, நாற்பதுக்கு ஒன்றாக இறங்கிவிடுகிறது. புரொஜெக்டர் ஆயிரத்துடையதா நாற்பதாயிரத்துடையதா என்பது அங்கே பொருட்டே இல்லை. சுவரும் சீலிங்கும் பத்து வீதம் வெளிச்சத்தை மட்டுமே திருப்பும் மங்கல் கறுநிறமானால், அதே அறையில் அது சில நூறுக்கு ஒன்றாக ஏறுகிறது. ஏறக்குறைய பத்து மடங்கு வித்தியாசம், செலவு பெயின்ற் காசு.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அறையின் கெடுதல் படத்தின் வெளிச்சத்தோடு சேர்ந்து ஏறி இறங்குவது. முழு இரவுக் காட்சியில் திரும்பி வர வெளிச்சமே இல்லாததால் சுவர் பாதிக்காது. அங்கே பெட்டியின் கசிவுதான் வெளியே தெரியும். வெள்ளைச் சுவர், கசியும் பெட்டி இரண்டும் சேர்ந்த அறையில் எந்தக் காட்சிக்கும் விமோசனம் இல்லை. ஆனாலும் காசு குறைவாக இருந்தால் முதலில் சுவரைத்தான் கவனிக்கச் சொல்வேன். பெரும்பாலான படங்களில் பெரும்பாலான நேரம் வெளிச்சமும் நிழலும் கலந்தே வருகின்றன.

இங்கே அம்மாமார் குறுக்கே நிற்பார்கள். கறுப்பு வீட்டுக்கு ஆகாது, அதுவும் புது வீட்டில். அந்த மறுப்பை நான் ஏளனம் செய்ய மாட்டேன், அந்த வீட்டில் வாழ்கிறவர்கள் அவர்கள். கறுப்பேதான் வேண்டும் என்றும் இல்லை. பளபளப்பில்லாத அடர் நீலம், அரக்கு, கரும்பச்சை எல்லாம் போதும். முழு அறையும் வேண்டாம், திரையை ஒட்டிய நாலைந்து அடிக்குச் சுவரும் சீலிங்கும் கறுத்தாலே பெரும்பகுதி சரியாகிவிடும். இழுத்து மூடும் அடர்நிறத் துணி இன்னும் சுலபம். பகலில் ஒதுக்கிவிட்டால் அறை பழையபடி. தரைக்கு ஒரு கம்பளம். இவ்வளவும் முடிந்த பிறகுதான் புரொஜெக்டர் கடைக்குப் போக வேண்டும்.

அறையை அடைப்பது என்று முடிவெடுத்தால் வெக்கையும் உள்ளே வந்துவிடும். குருக்கள்மடத்தில் ஒரு பக்கம் அம்பிளாந்துறைக்குப் பாதைப் படகு போகிற வாவித் துறை, மறுபக்கம் கடல். இடையில் நடந்தே கடக்கக்கூடிய நிலத்தில் வீடுகளுக்கு இயற்கையாகக் காற்று வேண்டியமட்டும் உண்டு. அதை நாமே மறித்து யன்னலைச் சாத்துகிறோம். விளக்குப் புரொஜெக்டர் பெரும்பாலும் 300 வாற்றளவு இழுக்கும். அத்தனையும் கடைசியில் சூடுதான். ஐந்து பேர் உட்கார்ந்தால் ஆளுக்கு நூறு வாற்று. கச்சான் வீசும் ஆடி மாதத்தில், மேல்மாடி சிலாப்புக்குக் கீழே, இதைத் தாங்க ஏசி இல்லாமல் முடியாது. வீட்டுப் புரொஜெக்டர்களின் கையேட்டில் இயங்கும் வெப்ப எல்லை பெரும்பாலும் 35 பாகை, சிலவற்றில் 40. சூட்டுக்காற்று மேலே போய்த் தங்கும் சீலிங்கடியில்தான் அதைத் தொங்கவும் விடுகிறோம். சீலிங் ஃபானைப் போட்டுச் சமாளிக்கலாம் என்பவர்கள், ஃபான் அறையின் நடுவில், ஒளிக்கற்றை போகிற வழியிலேயே சுழல்கிறதா என்று முதலில் அண்ணாந்து பார்க்கட்டும். லேசர், எல்ஈடி வகைகள் விலை கூடினாலும் இங்கே நான் அவற்றின் பக்கம் சாய்வதற்குச் சூடு ஒரு காரணம், கரண்ட் இன்னொன்று. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். அந்த நிலை போய்விட்டது, ஆனாலும் மழைக் காற்றுக்குக் கரண்ட் போய் வருவது நிற்கவில்லை. கொதிக்கும் விளக்கு, குளிரவைக்கும் ஃபான் நின்ற நிலையில் திடீரென அணைந்தால் அதன் ஆயுள் குறையும். விளக்குப் பெட்டிதான் கட்டுப்படியாகும் என்றால், ஃபான் ஓடி முடியுமளவுக்காவது ஒரு யூபிஎஸ் வேண்டும்.

உப்புக் காற்றும் ஈரமும் லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கவைக்கும், எல்சிடி வகைகளில் தூசு தகட்டில் ஒட்டி இருட்டுக் காட்சியில் நிறப் பொட்டாகத் தெரியும். மாரி தொடங்கும்போது யன்னல் இடுக்கால் நுழையும் ஈசல், அறையில் வேறு லைட் இல்லாததால், நேரே லென்ஸுக்குத்தான் வரும். ஃபில்டரை மாதத்துக்கு ஒருமுறை துடைக்கச் சோம்பல் படுபவர் மூடிய ஒளிப்பாதை கொண்ட டிஎல்பியை வாங்குவது உத்தமம், அதன் சாம்பலைப் பொறுத்துக்கொண்டு.

தூரக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நூறு அங்குலத் திரையின் அகலம் ஏழேகால் அடி. எறிவிகிதம், அதாவது தூரத்தைத் திரை அகலத்தால் வகுத்தால் வருவது, ஒன்றரை என்றால் பெட்டி பதினொரு அடி தள்ளி இருக்க வேண்டும். பதினாலு அடி அறையில் அது பின்கதிரைக்காரரின் தலைக்கு மேல். லென்ஸை நகர்த்தும் வசதி இல்லாத பெட்டியைக் கோணலாக வைத்து கீஸ்டோனால் நிமிர்த்தினால், படத்தைச் சுற்றி மங்கிய வெளிச்ச விளிம்பு ஒன்று மிஞ்சும். வெளிச்ச அறையில் தெரியாத அது இருட்டறையில் படம் முழுக்கக் கண்ணைக் குத்தும். சுவரடியில் வைக்கும் அல்ட்ரா ஷோர்ட் வகைகள் இந்தத் தூரச் சிக்கலைத் தீர்க்கும். ஆனால் அவை வெளிச்சமான ஹோலில் ரீவிக்குப் பதிலாக வைக்கப் பிறந்தவை. பெரும்பாலானவற்றில் கறுப்பு சுமார்தான்.

இத்தனைக்கும் பிறகு ரீவியே வாங்கிவிடலாமே என்ற கேள்வி நியாயமானது. சுவரைக் கறுக்கவைக்க வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை, ஏசிக்குக் காசில்லை, பிள்ளைகள் லைட் போட்டுக் கிரிக்கெட்தான் பார்ப்பார்கள் என்றால் என் பதில் தயங்காமல் ரீவி. ஓஎல்ஈடி ரீவியில் ஒவ்வொரு புள்ளியும் தானே அணையும், எந்தப் புரொஜெக்டரும் அந்தக் கறுப்பை எட்டாது. ஆனால் நூறு அங்குலத் திரையின் பரப்பு 75 அங்குல ரீவியைப்போல் 1.8 மடங்கு. பார்வையின் விளிம்புவரை படம் நிறைந்து, குடும்பமே ஒரே திசையில் வாயடைத்து உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டு மணிநேரத்துக்காகத்தான் ஆட்கள் இந்தத் தொல்லையை எல்லாம் படுகிறார்கள். அதில் தப்பில்லை.

லூமன்காரர்களிடம் கடைசியாக ஒரு வாதம் மிச்சம் இருக்கிறது, அதுதான் உண்மையில் கனமானது. "வீட்டுக்கும் ஆகும், கோயிலுக்கும் ஆகும்." ஊரில் ஒருவர் வீட்டில் புரொஜெக்டர் இருந்தால் அது பாதி ஊருக்குச் சொந்தம். சடங்கிலிருந்து கழகத்தின் இறுதிப் போட்டிவரை இரவல் கேட்டு வருவார்கள். இல்லையென்று சொல்ல எங்கள் பக்கத்தில் யாருக்கும் வாய் வராது. மைதானத்துக்கு ஏற்ற பெட்டி இருட்டறைக்குப் பாழ், இருட்டறைக்கு ஏற்ற பெட்டி மைதானத்தில் பேய் மாதிரி வெளிறும். கழகம் சேர்ந்து பள்ளிக்கூட வகை ஒன்றைத் தனியாக வாங்கி வைப்பதே ஒழுங்கான வழி. அதுவரை, வீட்டுக்கு வாங்குகிறவர் எடை கூடிய பெட்டியாகப் பார்த்து, சிலாப்பில் நாலு போல்ட் போட்டு இறுக்கி, வயரையும் சுவருக்குள் விட்டுப் பூசிவிடட்டும். கழற்ற முடியாது அண்ணே என்று சொன்னால் ஊரில் யாரும் கோபிக்க மாட்டார்கள்.