சாகசமும் சான்றும்: இரண்டு ஜேம்ஸ் பாண்ட் படங்களின் கார்க் காட்சிகள்

முன்னுரை

உளவுத் திரைப்படங்கள் குறித்த ஆய்வுகள் கதை, அரசியல், நாயகப் படிமம் ஆகியவற்றுக்குத் தரும் இடத்தை வாகனச் சாகசங்களுக்குப் பெரும்பாலும் தருவதில்லை. அவை வெறும் கேளிக்கையாகக் கருதப்படுகின்றன. ஆனால், கணினி வரைகலைக்கு முற்பட்ட காலச் சாகசத்தின் ஆற்றல், 'இது மெய்யாகவே நிகழ்ந்தது' என்னும் பார்வையாளரின் நம்பிக்கையில் தங்கியுள்ளது. படத்தொகுப்பும் ஒலியும் அந்நம்பிக்கையை எவ்வாறு பாதிக்கின்றன என்பதை, கை ஹாமில்டன் இயக்கிய இரு படங்களின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

செருகப்பட்ட ஷாட்

'டைமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்' (1971) படத்தில், காவலர்கள் துரத்த, பாண்டின் ஃபோர்டு மஸ்டாங் ஒருபக்கச் சக்கரங்களில் சாய்ந்தபடி குறுகிய சந்துக்குள் நுழைகிறது. வெளிவரும்போதோ மறுபக்கச் சக்கரங்களில் சாய்ந்துள்ளது. நுழைவும் வெளியேற்றமும் தனித்தனியே படமாக்கப்பட்டதால் நேர்ந்த முரண் இது. சந்துக்குள்ளேயே கார் சாய்வை மாற்றிக்கொள்வதாக ஒரு சிறு ஷாட்டைச் செருகி இம்முரணைச் சரிசெய்ய முயன்றனர். நுழைவும் வெளியேற்றமும் மெய்யாகவே நிகழ்த்தப்பட்டவை. இடையிலுள்ள ஷாட்டோ நிகழ இயலாதது. அதன் பொய்ம்மை முன்பின் உள்ள மெய்ச்செயல்களையும் ஐயத்துக்கு உள்ளாக்குகிறது.

சேர்க்கப்பட்ட ஒலி

'த மேன் வித் த கோல்டன் கன்' (1974) படத்தில் இதற்கு மாறான நிலையைக் காண்கிறோம். தாய்லாந்தில் எடுக்கப்பட்ட அக்காட்சியில், ஏஎம்சி ஹார்னெட் கார் முறுக்கிய சரிவுமேடையிலிருந்து பாய்ந்து, நீளச்சுக்கில் 360 பாகை சுழன்று மறுகரையில் இறங்குகிறது. அமெரிக்காவின் கார்னெல் ஏரோநாட்டிகல் ஆய்வகத்தில் வாகன விபத்துகளை ஆராய உருவான கணினி நிரலே இதற்கு அடிப்படை. எடை இருபுறமும் சமமாக அமைய, ஓட்டுநர் இருக்கை காரின் நடுவில் பொருத்தப்பட்டது. ஒரே டேக்கில் பாய்ச்சல் முடிந்தது.

கார் சுழலும் அதே கணத்தில் ஏறியிறங்கும் ஊதல் ஒலி ஒன்று சேர்க்கப்பட்டுள்ளது. இசையமைப்பாளர் ஜான் பேரி பிற்காலத்தில் இதற்காக வருந்தினார். ரோஜர் மூர் காலப் படங்களின் நகைச்சுவைத் தொனிக்கு இவ்வொலி பொருந்தும் என வாதிடலாம். எனினும், அத்தொனிக்கு அருகிருக்கையிலுள்ள ஷெரிஃப் பெப்பரின் திகைப்பே போதுமானது. கேலிச்சித்திரப் படங்களுக்குரிய ஊதலோ, மெய்யான பாய்ச்சலையும் எடையற்ற வித்தையாக்கிவிடுகிறது.

முடிவுரை

முதற்படத்தில் பொய்யான ஷாட்டும், இரண்டாவதில் பொருந்தா ஒலியும் ஒரே விளைவைத் தருகின்றன. இவற்றுள் இரண்டாவதன் இழப்பே பெரிது. அங்கு மறைக்க வேண்டிய பிழை எதுவும் இல்லை. காட்சியின் மெய்ம்மை செயலால் மட்டும் அமைவதன்று. அது வழங்கப்படும் முறையாலும் அமைகிறது. ஆகவே, படப்பிடிப்புச் செய்திகளைச் சுவையான துணுக்குகளாக ஒதுக்காமல், திரைப்பனுவலை வாசிப்பதற்குரிய சான்றுகளாகக் கொள்வது திரைத்திறனாய்வுக்கு இன்றியமையாதது.