திரையும் ஆசானும்

இணையவழிக் கல்வியைப் போற்றுவோர் ஒருபுறமும் தூற்றுவோர் மறுபுறமுமாக நின்று வாதிடுகின்றனர். இருசாராரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அக்கல்வி ஒன்றன்று, இரண்டு. ஆசிரியர் முன்னரே பேசிப் பதிவு செய்ததைக் கேட்பது ஒன்று. ஆசிரியரும் மாணவரும் ஒரே வேளையில் திரைவழியே பேசிக் கற்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுத்தல் தகாது.

இத்தகைய வேறுபாட்டை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். ஹதீஸ் கலை மேதை இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) (மறைவு ஹிஜ்ரி 643, கி.பி. 1245) தம் ‘முகத்திமா’வில் ஹதீஸைப் பெறும் வழிகளை எட்டாக வகுத்தார். ஆசானின் வாய்மொழியைக் கேட்டல் ‘ஸமாஉ’, அது முதலாவது. மாணவர் ஓத, ஆசான் கேட்டுச் சரிபார்த்தல் ‘கிராஅத்’, அது இரண்டாவது. ஒருவர் எழுதிய ஏட்டைக் கண்டெடுத்துத் தாமே படித்துக் கொள்ளுதல் ‘விஜாதா’, அது கடைசி.

பதிவுப் பாடத்தில் குரல் காதில் விழுவதால் அது ஸமாஉ போலத் தோன்றும். ஆனால், கேட்பவர் யார் என்பதைப் பேசியவர் அறியார். ஆதலின் அது விஜாதாவுக்கே நெருக்கமானது என்போம். அரபியில் ‘கல்பு’ என நம் எழுத்தில் ஒன்றுபோலவே எழுதப்படும் சொற்கள் இரண்டு உண்டு. ஒன்று இதயம், மற்றது நாய். முதலெழுத்து நாவின் அடியில் எங்கிருந்து எழுகிறது என்பதே வேறுபாடு. பதிவை நூறுமுறை கேட்ட பிள்ளையும் இதயத்தை நாயாக்கி ஓதக்கூடும். “நிறுத்து, மீண்டும் ஓது” என்று பதிவு சொல்லாது.

இதனால் பதிவுப் பாடம் பயனற்றது என்பதல்ல. ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டம், அவற்றின் வாயிலை மிதிக்க வாய்ப்பில்லாதோர்க்கும் பேராசிரியர்களின் விரிவுரைகளைக் கொண்டு சேர்த்தது. விளங்காத இடத்தைப் பத்துமுறை கேட்கலாம், சலித்துக்கொள்ள எவருமில்லை. ஆயினும், சென்னை ஐ.ஐ.டி. 2020இல் அறிவித்த தரவு அறிவியல் படிப்பு, பாடங்களை இணையத்தில் தந்தாலும் தேர்வுகளை நேரில் மையத்திற்கு வந்தே எழுதச் சொல்கிறது. கற்பித்தலைத் திரையிடம் ஒப்படைத்தோரும் சோதித்தலை முற்றாக ஒப்படைக்கவில்லை என்பது சிந்திக்கத்தக்கது.

2020 மார்ச்சில் தமிழகப் பள்ளிகள் மூடப்பட்டபோது கல்வித் தொலைக்காட்சியும் கைப்பேசியுமே வகுப்பறைகளாயின. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பரில்தான் திறக்கப்பட்டன. அதற்குச் சற்றுமுன் அக்டோபரில் அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ செய்ததென்ன? தெருத்தோறும் தன்னார்வலரைப் பிள்ளைகளின் அருகில் உட்கார வைத்தது. திரையின் குறைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

2021ஆம் ஆண்டின் ஏசர் அறிக்கை வேறொன்றையும் காட்டிற்று. நாட்டில் திறன்பேசி உள்ள வீடுகளிலும் நான்கில் ஒரு பிள்ளைக்கு மேல் அது கைக்குக் கிட்டவில்லை. நம் இல்லங்களில் ஒரே கைப்பேசி இருப்பின் அது முதலில் யாரிடம் செல்கிறது, மகனிடமா, மகளிடமா? பெற்றோர் தம் நெஞ்சைக் கேட்டுக் கொள்ளட்டும்.

நாம் அஞ்சுவதும் இதனையே. மகனைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு, “பெண்ணுக்கு வீட்டிலிருந்தே படிக்க வசதி வந்துவிட்டதே” என்று மகளைத் திரைமுன் இருத்துவது கல்வி அளித்தலாகாது. கல்வியின் கடைசிப் படியை அவளுக்கு ஒதுக்கியதேயாகும். வெளியே செல்ல இயலாத நிலை மெய்யாகவே இருப்பின், அவள் வினவவும் அவள் பிழையைத் திருத்தவும் ஆசிரியர் எதிரிருக்கும் நேரடி வகுப்பையேனும் தேடித் தருக. பதிவுப் பாடம் நல்ல நூலைப் போன்றது. மகனுக்கும் மகளுக்கும் அது துணையாகட்டும். ஆசானின் இடத்தை எவருக்கும் அது நிரப்ப வேண்டாம்.