சராசரியை நம்பி ஒரு ட்யூனிங்

பழைய கார்ப் பிரியர்களிடையே இப்போது ஒரு பேச்சு வேதவாக்காகிவிட்டது: சைலன்சர் குழாயில் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் பூட்டாமல் கார்புரேட்டரில் கைவைப்பது குருட்டாம்போக்கு. எம்ஜிபி போன்ற இரட்டை எஸ்.யு. கார்புரேட்டர் வண்டிகளுக்குக்கூட இதையே சொல்கிறார்கள். அந்த வண்டிகளுக்குத்தான் இது சற்றும் பொருந்தாது.

சென்சாரால் பயனில்லை என்று நான் சொல்லவில்லை. மேட்டில் முழு த்ராட்டிலில் ஏறும்போது காற்று-பெட்ரோல் விகிதம் 12.5-இல் நிற்கிறதா, 14.7-ஐத் தாண்டிவிட்டதா என்று காதால் சொல்ல முடியாது. எஸ்.யு. ஊசியை மாற்றலாமா என்று முடிவெடுக்க அந்த எண் பெரிய உதவி.

ஆனால் அது எந்தச் சிலிண்டரின் எண்? எம்ஜிபியின் 1798 சிசி எஞ்சினில் சிலிண்டர் 4. ஹெட்டில் கலவை நுழையும் வாய் 2, புகை வெளியேறும் வாய் 3. முன் கார்புரேட்டர் 1, 2 சிலிண்டர்களுக்கும் பின் கார்புரேட்டர் 3, 4 சிலிண்டர்களுக்கும் ஊட்டுகிறது. 2, 3 சிலிண்டர்கள் நடுவிலுள்ள ஒரே வாய் வழியாகப் புகைவிடுகின்றன. எல்லாப் புகையும் ஒன்றுசேர்ந்த பிறகு, கீழ்க்குழாயில் இருக்கிறது சென்சார். முன் ஜோடி 12-இல் ரிச்சாக (பெட்ரோல் மிகுந்து) புகைந்து, பின் ஜோடி 16-இல் லீனாக (பெட்ரோல் குறைந்து) காய்ந்தாலும் மீட்டர் 14-ஐ ஒட்டிய எண்ணைக் காட்டும். உரிமையாளர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார். ரிச் பக்கத்தில் பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெயைக் கழுவிக்கொண்டிருக்கும்.

இதைவிட மோசமானது மிஸ்ஃபயர். ஒரு பிளக் பொறி விடாவிட்டால் அந்தச் சிலிண்டரின் காற்று எரியாமலே வெளியேறுகிறது. சென்சார் அறிவது ஆக்சிஜனை; அதனால் லீன் என்று காட்டிவிடும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட் வழியே காற்று கசிந்தாலும் இதே கதைதான். எண்ணை நம்பியவர் ஜெட் நட்டை இறக்கி மேலும் பெட்ரோல் ஊற்றுகிறார். பிளக் இன்னும் கரி பிடிக்கிறது.

‘இரண்டு சென்சார் போட்டால் தீர்ந்தது’ என்பார்கள். 1-க்கும் 4-க்கும் தனித்தனியே வைத்தால் ஓரளவு தெரியும். ஆனால் கலவை நுழையும் ஒரே வாயைப் பங்கிடும் இரு சிலிண்டர்களுக்கும் கலவை ஒரே அளவில் போய்ச் சேர்வதில்லை. புகை வெளியேறும் நடு வாயிலோ இரண்டு கார்புரேட்டர்களின் புகையும் கலந்தே வரும்.

அந்த வண்டியின் பழைய எச்.எஸ். 4 கார்புரேட்டரிலேயே இதற்கு வழி உண்டு. பக்கத்திலுள்ள சின்னத் தூக்கு முளையால் கார்புரேட்டரின் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் அளவு தூக்க வேண்டும். எஞ்சின் வேகம் ஏறி, ஏறியபடியே நின்றால் ரிச். அணையப் பார்த்தால் லீன். லேசாக ஏறி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. ஒரு கார்புரேட்டரைச் சோதித்துவிட்டு மற்றதையும் தனியே சோதிக்கலாம். எந்தப் பக்கம் கோளாறு என்று இந்தச் சோதனை பிரித்துச் சொல்லும். கீழ்க்குழாய்ச் சென்சாரால் அது முடியாது.

சென்சார் வாங்கியவர்கள் அதைத் தூக்கிப்போட வேண்டாம். முதலில் டேப்பட், டைமிங், பிறகு இரு கார்புரேட்டர்களின் காற்றுச் சமன், அதன்பின் ஜெட் என்று முடியுங்கள். நான்கு பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்துப் பாருங்கள். நான்கும் ஒரே நிறத்தில் இருந்தால் மட்டும் மீட்டரைப் பாருங்கள்.